கோல் கம்பத்தில் கட்டிய வாழைப்பழம்

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் ரொறொன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேலை ஓயும்வரை போய் வந்திருக்கிறேன். புல் வெட்டத்தான்.

புல் வெட்டுவது, கோடு போடுவது, பனி வழிப்பது, ஐஸ் போடுவது. விளையாட்டுப் பகுதியில் எனக்குத் தெரியாத பூட்டு இல்லை. பெரிய ஸ்ரேடியம் ஒன்று. அதோடு ஒட்டினாற்போல ஐஸ் ஹொக்கி விளையாடும் மண்டபம். தெருவுக்கு அங்கால் நீச்சல் குளமும் ஜிம்மும். எல்லாவற்றுக்கும் ஒரே சாவிக்கொத்து. அந்தக் கொத்து என் கைக்கு வந்தது வாழைப்பழத்தால். அதைத்தான் எழுதப் போகிறேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்களில் நானும் ஒருவன். வந்த கதையை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். என்னுடையதும் அதுபோலத்தான். டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்டில் ஐந்து ஆண்கள் இருந்தோம். கட்டில் இல்லை, மெத்தை இருந்தது. மனைவி யாழ்ப்பாணத்தில். கலியாணம் கட்டி ஒரு வருடம்கூட ஒன்றாக இருக்கவில்லை. எனக்குப் பேப்பர் சரிவந்துவிட்டது. இனி அவளைக் கூப்பிடலாம் என்றார்கள். ஆனால் நிரந்தரமான வேலை காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அதுதான் என்னிடம் இல்லை.

ஸ்ரேடியத்து வேலை புல் முளைக்கத் தொடங்கும், பனி விழ முடிந்துவிடும். "வேலை இருக்குத்தானே?" என்று கடிதத்தில் கேட்பாள். இருக்கு என்று எழுதுவேன். பனி விழுந்தால் இல்லை என்பதை எழுதுவதில்லை.

அந்த வேலையை எடுத்துத் தந்தவர் மட்டக்களப்பு அண்ணை. நான் கண்ட முதல் மட்டக்களப்பு ஆள் அவர்தான். என்னைவிட மூத்தவர், பெரிய உடம்பு, வாய் ஓயாது. வசனத்துக்கு வசனம் 'கா' போடுவார். அவருக்குக் குடும்பம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. பின்னேரங்களில் ஒரு ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவும் வேலையும் இருந்தது. அவர் கதைப்பார், நான் கேட்பேன். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

எங்களுக்கு மேலே போர்மன். இத்தாலிக்காரர், கட்டை மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதால் எழுதி நான் கண்டதில்லை. அவருக்கு இங்கிலிஷ் கொஞ்சம். எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம். மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசமாட்டார். "கட். கிராஸ். டுடே." அவ்வளவுதான். எங்களுக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

முதல் வேலை கோடு போடுவது. கயிறு பிடித்து, சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். குறுக்கே குறுக்கே கோடு, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. முடித்துவிட்டு மேலே படியில் நின்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் கிளித்தட்டு விளையாடக் கீறினது போலவே இருந்தது. நடுவால் கிளி ஓடும் கோடுதான் இல்லை.

"எத்தினை பேர் மறிக்கிறது?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு பேராம் கா ஒரு பக்கம்," என்றார் மட்டக்களப்பு அண்ணை. "உதைக்கிறதுமில்ல. கையில தூக்கிக்கொண்டு ஓடுறானுகள். பேர் மட்டும் ஃபுட்போல்."

"பந்தும் உரிச்ச தேங்காய் மாதிரியெல்லே கிடக்கு."

"தேங்காயெண்டா உடைச்சுத் திண்டாவது போகலாம்."

விளையாட்டு எனக்கு முதல் வருடம் விளங்கவில்லை. விழுவார்கள், எழும்புவார்கள், கூடிநின்று குசுகுசுப்பார்கள், திரும்பவும் விழுவார்கள். மூன்று தரம் விழுவதற்குள் பத்து யார் தூரம் போக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மட்டக்களப்பு அண்ணைக்கு அது உடனே பிடித்துவிட்டது. அவருடைய ஊர்ப் பக்கத்தில் கொம்புமுறி என்று ஒரு விளையாட்டு உண்டு. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்பைக் கொளுவி இழுக்கும். ஒரு கட்சி மற்றக் கட்சியை வசைபாடும். இங்கேயும் அப்படித்தான். இந்தப் பக்கப் படிகளில் ஒரு கூட்டம், அந்தப் பக்கப் படிகளில் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்த கூட்டம். இரண்டுக்கும் பாண்ட் வாத்தியம். மாறி மாறிப் பாட்டில் ஏச்சு.

"என்ன பாடுறாங்கள் அண்ணை?"

"உன்ர தாயைப் பற்றி நல்லாச் சொல்லேல்ல," என்பார். அவருக்கும் விளங்கியிருக்காது.

வந்த இரண்டாம் வருடம், இலை பழுக்கும் காலம். ஒரு நாள் போர்மன் என்னைத் தனியே கூப்பிட்டார். ஹொக்கி மண்டபத்தைக் காட்டினார்.

"விண்டர். ரிங்க். வன் மேன்."

குளிர்காலத்துக்கு ஐஸ் மண்டபத்தில் ஓர் ஆளை வைத்திருப்பார்கள். வைத்தால் அது நிரந்தரம்.

"மீ?" என்றேன்.

"மே பீ. ஹோம்கமிங் ஃபினிஷ். தென் ஐ டெல்."

மட்டக்களப்பு அண்ணையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரும் அந்த வேலைக்கு ஆசைப்பட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் இருந்தது.

"எனக்கா?" என்றார். "வெளியில குளிர், உள்ளயும் குளிர். ஐஸுக்கு மேல நிண்டு சம்பளம் எடுக்க எனக்கென்ன விசரா? நீ எடு. எடுத்து மனுசியக் கூப்பிடு. அதுவரைக்கும் அவர் என்ன சொன்னாலும் செய். சொல்லாததையும் செய்."

அந்தக் கடைசி வசனத்தில்தான் எல்லாம் பிழையாகப் போனது.

ஹோம்கமிங் என்றால் படித்து முடித்துப் போன பழைய ஆட்கள் எல்லாரும் திரும்பி வந்து கூடும் நாள். அந்தக் கிழமை முழுக்கப் பல்கலைக்கழகம் திருவிழாக் கோலம். பெடியள் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு திரிந்தார்கள். லொறிகளுக்குக் கடதாசிப் பூ ஒட்டி, அட்டையில் கோட்டை கட்டி, சப்பறம் போல ஊர்வலம் விட்டார்கள். அதற்கு முன்னால் பாண்ட். அதற்கு முன்னால் ஒருவன் பால் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான்.

"சடங்குதான் கா," என்றார் மட்டக்களப்பு அண்ணை. "அம்மன் மட்டும் இல்ல."

விளையாட்டு சனிக்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமை காலை போர்மன் ட்ரக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் பெரிய வாளியில் கிறீஸ். இரண்டு தும்புத் தூரிகை. நீட்டு ஏணி.

கை நீட்டிக் கோல் கம்பங்களைக் காட்டினார். மைதானத்தின் இரண்டு அந்தலையிலும் சோடி சோடியாக நிற்கும் இரும்புக் கம்பங்கள். சோடிக்கு நடுவே குறுக்குக் கட்டை. பந்து அந்தக் கட்டைக்கு மேலால், கம்பங்களுக்கு நடுவால் போக வேண்டும்.

"கிறீஸ். போஸ்ட். ஓல்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை. வேறெங்கோ கூடாரம் அடிக்கிற வேலை.

நாங்கள் இரண்டு பேரும் வாளியைப் பார்த்தோம். கம்பத்தைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரில் வருடப் பிறப்புக்குச் சனசமூக நிலையத்தில் நாங்களும் கிறீஸ் பூசியிருக்கிறோம். தலையணைச் சண்டை, முட்டி உடைத்தல், கடைசியில் வழுக்குமரம்.

"அட, இஞ்சயும் வழுக்குமரம் ஏறுறானுகளா கா!" என்றார் மட்டக்களப்பு அண்ணை. சந்தோசத்தில் அவர் முகம் அகலித்துப் போயிற்று.

நல்ல வடிவாகப் பூசினோம். விரல் ஆழம் பூசினோம். கம்பத்தை முடித்துவிட்டு அவர் குறுக்குக் கட்டையில் கை வைத்தார்.

"இதுக்கும் பூசட்டாமோ?"

"ஓல் எண்டு சொன்னவர்தானே அண்ணை. ஏறுறவன் அதிலை பிடிச்சு இளைப்பாறக் கூடாது எண்டாக்கும்."

"ஓம் கா. கடும் போட்டிதான். நாலு மரம் வேற."

எல்லாம் முடிந்து கீழே இறங்கி நின்று பார்த்தோம். ஏதோ குறைந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"பரிசைக் காணேல்லை," என்றேன்.

கம்பத்தின் உச்சியில் சிவப்பு நாடா மட்டும் பறந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கக் கட்டுவது. வேறு ஒன்றும் இல்லை. வழுக்குமரத்தின் உச்சியில் ஒன்றும் இல்லாவிட்டால் எவன் ஏறுவான்?

"மறந்துபோயிட்டார் மனுசன்," என்றார் மட்டக்களப்பு அண்ணை. "வயசு போயிற்று. அவருக்குத் தலைக்கு மேல வேல. நாளைக்குச் சனமெல்லாம் கூடின பொறகு அண்ணாந்து பார்த்தா அவருக்குத்தானே வெக்கம்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. அவர் மறந்ததை நான் செய்து வைத்தால் மனிதர் நினைத்துப் பார்ப்பார். ஐஸ் மண்டபத்துக்கு ஆள் யோசிக்கிற நேரம்.

"காசு முடிஞ்சு கட்டுவமோ?" என்று கேட்டேன்.

"சேச்சே. எங்கட காசைப் பார்த்தா பெடியன் கீழ இறங்கி எங்களுக்கே தந்துபோட்டுப் போவான். பழம் கட்டு. பழமெண்டா மரியாதை."

சப்வேக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தேன். மஞ்சள் நிறம் தூரத்துக்கும் தெரியும். மட்டக்களப்பு அண்ணை தான் புதிதாக வாங்கிய கம்பளித் தொப்பி ஒன்றையும் தந்தார். வெள்ளைத் தொப்பி, உச்சியில் குஞ்சம்.

"தலை குளிருமே அண்ணை?"

"வெண்டவனுக்கு ஒண்டு போட்டுக்கொண்டு போக இருக்க வேணும் கா."

தொப்பிக்குள் சீப்பை வைத்து, காம்பு வெளியே தெரியக் கட்டி, ஏணி எட்டிய மட்டுக்கு ஏறி, படிகளுக்குக் கிட்ட நின்ற கம்பத்தில் நாடாவுக்குக் கீழே இறுக்கினேன். இறங்கி வரும்போது என் உடுப்பு முழுக்கக் கிறீஸ். அன்றைக்குப் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. ஒரு சீட் முழுக்க எனக்குத்தான்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஸ்ரேடியம் நிரம்பி வழிந்தது. நாங்கள் குப்பைப் பையோடு கீழே ஓட்டப் பாதையில் நின்றோம். போர்மன் வந்தார். கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார், விரலைப் பார்த்தார்.

"குட். வெரி குட்."

மட்டக்களப்பு அண்ணை என் விலாவில் இடித்தார்.

விளையாட்டு தொடங்கி அரைவாசி போனபிறகுதான் போர்மன் மேலே பார்த்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"வட் இஸ் தட்?"

"பனானா," என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"பனானா?"

"பிரைஸ். பெடியள் கோ அப். டேக்." ஏறுவதுபோலக் கையால் காட்டினேன்.

அவருடைய முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது. காதில் இருந்த பென்சிலை எடுத்தார், திரும்பச் செருகினார். பிறகு என்னைப் படிகளின் கைபிடிக் கம்பிக்கு இழுத்துக்கொண்டு போனார். அதில் இரண்டு கையாலும் தொங்கினார். அந்த வயதில். முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினார். "மெனி பாய்ஸ். மெனி, மெனி. வின். கம். போஸ்ட் — கிராக்!" என்று கீழே குதித்தார். கம்பம் விழுவதைக் கையால் காட்டினார். பிறகு மேலே, அலுவலக ஜன்னலைக் காட்டினார். "போஸ்ட் டவுன், நோ விண்டர் மேன். திஸ் யியர், ஒஃபிஸ் சே."

எனக்கு விளங்கிவிட்டது. அவரோடு இருந்த காலத்தில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது. ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கிற்று.

ஹோம்கமிங்கில் வென்றால் பெடியள் மைதானத்துக்குள் பாய்ந்து கோல் கம்பத்தைப் பிடித்துத் தொங்கி முறித்துவிடுவார்களாம். அது அவர்களுடைய பழைய வழக்கமாம்; போன வருடம் தோற்றபடியால் நாங்கள் அதைக் காணவில்லை. அவர்கள் பிடிக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த வருடம் கிறீஸ். இனியும் முறிந்தால் குளிர்காலத்துக்கு ஆள் தரமாட்டோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

மட்டக்களப்பு அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப நாங்க பொறிக்குள்ள கருவாடெல்லோ வைச்சிருக்கம்," என்றார்.

"கழட்டுவமோ?"

"எப்பிடிக் கா? ஏணியத் தூக்கிக்கொண்டு உவனுகளுக்கு நடுவால ஓடுறதா?"

ஒரே வழி. எங்கள் பெடியள் தோற்க வேண்டும். தோற்றால் ஒருவரும் பாயமாட்டார்கள். கம்பம் நிற்கும். அன்றைக்குத்தான் நான் முதல்முறை அந்த விளையாட்டை ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் பந்து எங்கே நிற்கிறது, எத்தனை யார் பாக்கி, எல்லாம் பார்த்தேன். வெளியூர்க்காரர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் நான் கை தட்டினேன். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். என் சட்டையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது.

கடைசி வரைக்கும் இரண்டு புள்ளியால் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு மெல்லிய பெடியனைக் கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் ஓரத்து வாங்கு ஒன்றில் சும்மா குந்தியிருந்தவன். உடுப்பில் ஒரு ஊத்தை இல்லை. அவன் வேலை உதைப்பது மட்டும்தான். உதைத்துக் கம்பத்துக்கு நடுவால் போனால் மூன்று புள்ளி.

"உவன் உதைக்கமாட்டான் கா," என்றார் மட்டக்களப்பு அண்ணை. "காலைப் பார். முருங்கைக்காய்."

முருங்கைக்காய் உதைத்தது. பந்து சுழன்று சுழன்று போய் வாழைப்பழத்துக்கு ஒரு முழம் உள்ளே விழுந்தது.

ஸ்ரேடியமே எழும்பியது. படிகளில் இருந்து சனம் இறங்கவில்லை, கொட்டுண்டது. போர்மன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மனைவியை நினைத்தேன். வேலை இருக்குத்தானே என்று கேட்பாளே.

முதல் வந்த கூட்டம் தூரத்துக் கம்பத்துக்கு ஓடியது. பாய்ந்து குறுக்குக் கட்டையைப் பிடித்தவர்கள் எல்லாம் பிடித்த வேகத்தில் மல்லாக்க விழுந்தார்கள். திரும்பப் பாய்ந்தார்கள், திரும்ப விழுந்தார்கள். இந்தப் பக்கத்துக் கூட்டமும் அப்படித்தான் தொடங்கியது. அப்போது பெரிய மேளம் கட்டியிருந்த பாண்ட்காரப் பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"பனானாஸ்!"

ஒருவர் சொல்ல மற்றவர் சொல்ல, ஸ்ரேடியம் முழுக்க அதையே கத்தியது. பாண்ட் அதற்கு ஒரு தாளமும் பிடித்துவிட்டது. பம் பம் பனானாஸ். தூரத்துக் கம்பத்தில் விழுந்துகொண்டிருந்தவர்களும் அதை விட்டுவிட்டு இங்கே ஓடிவந்தார்கள்.

ஒருவன் கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறினான். ஓர் ஆள் உயரம் போய் வழுக்கி, கீழே நின்றவனின் தலையில் இருந்தான். சனம் சிரித்தது. அடுத்தவன் பாய்ந்தான். அவனும் வந்தான். யாரோ இரண்டு பேர் கம்பத்தை ஆட்டப் பார்த்தார்கள். மற்றவர்கள் அவர்களை ஏசித் தள்ளிவிட்டார்கள். கம்பம் விழுந்தால் பழம் நசிந்துவிடும் அல்லவா?

அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"தோளில ஏறு! தோளில ஏறு!" என்று மட்டக்களப்பு அண்ணை தமிழில் கத்தினார். அவரால் அடக்க முடியவில்லை. "ஒருத்தன்ர தோளில ஒருத்தன்! மண்ணப் பூசுங்கடா கையில!"

"அண்ணை, சும்மா இருங்கோ."

"எப்பிடிக் கா சும்மா இருக்கிற? நாசமாக்கிறானுகள்!"

நீளம் பாய்கிற குழியில் இருந்து ஒரு வாளி மணலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெடியளை விலக்கினார். கையிலும் நெஞ்சிலும் மணலைப் பூசிக்கொண்டு தானே கம்பத்தில் தாவினார். சனம் ஓவென்று ஆரவாரித்தது. குறுக்குக் கட்டை வரைக்கும் போனார் என்றுதான் நினைக்கிறேன். அவர் கிட்டத்தட்ட உச்சி என்று இன்றைக்கும் சொல்வார். அங்கிருந்து வந்த வேகம் மட்டும் எனக்கு நல்ல ஞாபகம். மணல் வாளிக்குள்ளேயே வந்து குந்தினார். வாளியைக் கழற்ற முடியவில்லை. நான்கு பெடியள் வாளியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

அதற்குப் பிறகு பெடியளும் தோளில் தோள் ஏறத் தொடங்கினார்கள். மூன்று தரம் சரிந்தது. நான்காம் தரம் மேளக்காரப் பெண் மேளத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு, எல்லாருடைய தலையிலும் மிதித்துக்கொண்டு ஏறினாள். மணல் பூசிய கையால் ஒரு எட்டு, இன்னொரு எட்டு. முடிச்சை அவிழ்த்தாள். தொப்பியைத் தலையில் போட்டாள். பழத்தை உரித்து, மேலேயே வைத்து ஒன்றைச் சாப்பிட்டாள். மிச்சத்தைக் கீழே எறிந்தாள்.

பிறகு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, எல்லாரும் தெருவுக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் கிறீஸ். கம்பத்தில்தான் கிறீஸ் இல்லை. துடைத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் நான்கு கம்பமும் நின்றன.

போர்மன் மெல்லப் போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். கீழே ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தது. குனிந்து எடுத்தார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என் குப்பைப் பைக்குள் போட்டார்.

"மண்டே," என்றார். "ரிங்க். செவன் ஓ'குளொக்."

மட்டக்களப்பு அண்ணை அப்போதுதான் வாளியைக் கழற்றி முடித்திருந்தார். "என்னவாம்?" என்றார்.

"திங்கட்கிழமை வரட்டாம். ஐஸுக்கு."

"நான் சொன்னனான்தானே, சொல்லாததையும் செய் எண்டு." இடுப்பைத் தடவிக்கொண்டார். "தொப்பி போயிற்று. ரெண்டாவது சம்பளத்தில வாங்கித் தா. குஞ்சம் வைச்சது."

வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை போர்மன் சாவிக்கொத்தைத் தந்தார். அந்தக் குளிர்காலத்தில் ஐஸ் போடப் பழகினேன். விழுந்து விழுந்துதான் பழகினேன். அடுத்த ஹோம்கமிங்குக்குக் கிறீஸ் வாளியோடு வாழைப்பழத்தையும் போர்மனே கொண்டுவந்தார். "கிறீஸ். பனானா. ஓல்," என்றார். ஏன் என்று மேலிடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருடம் தோற்றார்கள். தோற்றும் ஏறினார்கள். பிறகு வென்றாலும் தோற்றாலும் ஏறுவது என்று ஆகிவிட்டது. புதிதாக வரும் பெடியளுக்கு அது தாத்தா காலத்து வழக்கம் என்று பழைய பெடியள் சொல்லிக்கொடுப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். நான் மறுக்கவில்லை.

எண்பத்தேழில் மனைவி வந்து சேர்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பழகியதைவிடக் கடிதங்கள்தான் ஒன்றோடொன்று நன்றாகப் பழகியிருந்தன. முதல் கொஞ்ச நாள் என்ன கதைப்பது என்று தெரியாது. எனக்குக் கதை வராது. அவளுக்கு என்னிடம் கதைக்க வெட்கம். வேலை என்ன வேலை என்று கேட்டாள். புல், ஐஸ் என்றேன். கம்பத்துக் கதையைச் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

அந்த வருடம் இலை பழுக்க, ஹோம்கமிங்குக்கு முதல்நாள், சப்வே பிடித்துத் தனியாகவே சாப்பாடு கொண்டுவந்தாள். நான் கிறீஸ் பூசி முடித்துக் கை துடைத்துக்கொண்டு நின்றேன். மட்டக்களப்பு அண்ணை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போர்மன் ட்ரக்குக்குள் இருந்தார். பழம் இன்னும் கட்டவில்லை.

அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். கம்பத்தைக் கீழிருந்து மேலே பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். ஒரு விரலால் தொட்டு மணந்தும் பார்த்தாள்.

"கிறீஸெல்லாம் வடிவாய்ப் பூசியிருக்கு," என்றாள். "மேலை பரிசைக் காணேல்லை. மறந்துபோனியளோ?"

மட்டக்களப்பு அண்ணை ஏணியை விட்டுவிட்டுப் புல்லில் இருந்துவிட்டார். சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்ததை அவள் அதற்கு முன் கண்டதில்லை. ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோமாக்கும் என்று அவள் முகம் சிறுத்தது.

"இல்லையடியப்பா," என்றேன். "உன்னைக் கூப்பிட்டதே உந்தப் பரிசுதான்."

அங்கேயே இருந்து, சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்து, முழுக்கதையும் சொன்னேன். நான் விட்ட இடங்களை மட்டக்களப்பு அண்ணை நிரப்பினார். அவர் உச்சி வரைக்கும் ஏறினதாகச் சொன்னார். நான் அதையும் மறுக்கவில்லை.

போர்மன் இறங்கி வந்து என்ன சிரிப்பு என்று கேட்டார். மனைவியைக் காட்டி, "ஷீ ஆஸ்க், வேர் பனானா," என்றேன்.

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். என்னைப் பார்த்தார். ட்ரக்குக்குப் போய்ச் சீப்பையும் ஒரு புதுத் தொப்பியையும் எடுத்து வந்து அவளுடைய கையில் கொடுத்தார்.

"யூ," என்றார்.

அவள் தொப்பிக்குள் பழத்தை வைத்துக் கயிற்றைச் சுற்றினாள். எங்கள் இரண்டு பேருடைய முடிச்சையும் பார்த்துப் பழகாதவள். தன் பாட்டில் ஒரு முடிச்சுப் போட்டாள், அதற்கு மேல் இன்னொன்று. நான் அதை மேலே கொண்டுபோய் இறுக்கினேன்.

மறுநாள் அவளும் படியில் இருந்து பார்த்தாள். ஒருவன் ஏறிவிட்டான். முடிச்சுத்தான் அவிழவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், கடைசியில் வழுக்கிக்கொண்டு வெறுங்கையோடு வந்தான். சனம் இன்னொருவனை ஏற்றியது.

"கொஞ்சம் இளக்கிக் கட்டியிருக்கலாமெல்லே," என்றேன்.

"அவிழுற மாதிரிக் கட்டுறதெண்டா எதுக்குக் கட்டுறது?" என்றாள்.